ஜான்சன் வண்டி

ஏசுதாஸின் குட்டியானை வண்டி மற்ற நாட்களில் நெல் மூட்டையும் செங்கல்லும் ஏற்றும். பின்னால் அந்த நீளமான கண்ணாடிப் பெட்டி இருந்தால் மட்டும், திருப்புலிவனத்துத் தெருக்களில் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். பிணத்தைக் குளிரில் வைக்கும் பெட்டி அது. பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் ‘ஜான்சன் நினைவு அறக்கட்டளை – இலவசம்’ என்று எழுதியிருக்கும்.

ஜான்சன் ஏசுதாஸின் கூட்டாளி. சிறுவயதிலிருந்து ஒரே வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். 2019 மே மாதம், கத்திரி வெயிலில், வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார் ஜான்சன். மகன் மஸ்கட்டிலிருந்து வந்துசேர இரண்டு நாள் ஆகும். வாடகைக்குப் பெட்டி விடுகிறவர் காலனிக்கு அனுப்ப முடியாது என்றுவிட்டார். மீன்காரரிடம் ஐஸ் பாளம் வாங்கி அடுக்கினார்கள். மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லாம் தண்ணீராகிவிட்டது. அதற்குமேல் வைத்திருக்க முடியவில்லை. மகன் வந்து மண்மேட்டைத்தான் பார்த்தான்.

அந்த வருஷமே கூட்டாளிகள் சேர்ந்து பெட்டி வாங்கினார்கள். எந்தத் தெரு, எந்தச் சாதி என்று கேட்பதில்லை. வண்டியும் உழைப்பும் ஏசுதாஸுடையவை. டீசலுக்குக்கூடக் கை நீட்டமாட்டார். ஜான்சன் பெயர் ஊர்வாயில் இருக்க வேண்டும், அதுதான் அவர் ஆசை.

இருந்தது. மானாம்பதி வரைக்கும் இருந்தது. குழாயடிச் சண்டை முற்றினால், “உன் வூட்டு வாசல்ல ஜான்சன் வந்து நிக்க!” என்று சபித்தார்கள். படுக்கையில் கிடந்த கிழவர்களிடம், “இன்னா பெருசு, ஜான்சனுக்குச் சொல்லிடட்டா?” என்று கேலி பேசினார்கள்.

இந்தச் சித்திரையில் ஜான்சனின் மகனுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது அந்த வீட்டு வழக்கம். ஜான்சனின் மனைவி திலகா ஏசுதாஸைத் தேடி வந்தார்.

“தாஸண்ணா, மருமவ அந்தப் பேரு வாணான்றா. பொணவண்டி பேரையா எம்புள்ளைக்கு வெக்கறதுன்னு கேக்கறா. நான் இன்னா பதில் சொல்றது?”

ஏசுதாஸ் பெட்டியிலிருந்த சிவப்பு எழுத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“ஞாயித்துக்கெயம ஞானஸ்நானம். அதுக்குள்ள அந்த எழுத்த அயிச்சிடுண்ணா. பேரப் புள்ளைக்காவது அந்தப் பேரு மிஞ்சட்டும்.”

அன்று சாயங்காலமே உட்கார்ந்து பிளேடால் சுரண்டினார். எளிதில் விடவில்லை. மழைக்கும் வெயிலுக்கும் போகாத பெயிண்டாகப் பார்த்து வாங்கியவர் அவர்தான்.

சனிக்கிழமை காலை பெட்டியோடு வண்டியைத் திலகா வீட்டு வாசலில் நிறுத்தினார். மருமகள் குழந்தையோடு வெளியே வந்து, எழுத்து அழிந்த இடத்தைப் பார்த்தாள்.

“சரிங்க மாமா. அத்த இஷ்டம்” என்றாள். திலகா குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, “ஜான்சன்” என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தார்.

அப்போது ஏசுதாஸின் போன் அடித்தது. காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“ஜான்சனுங்களா? மானாம்பதிலேர்ந்து பேசறேங்க. எங்கப்பா பூட்டாரு.” பெண் குரல் உடைந்திருந்தது.

“பெட்டிதானம்மா? கொண்டாரேன்.”

“வாடகைப் பெட்டின்னா வாணாங்க, எங்களால முடியாது. ஜான்சன் இல்லீங்களா நீங்க?”

“துட்டு எதுவும் வாணாம்மா...”

“அப்போ ஜான்சன்தானே? சொல்லுங்க சார், தம்பி பெங்களூர்லேர்ந்து வந்துகினு கீறான், மூஞ்சியப் பாக்கணும்...”

திலகா வேண்டாம் என்று தலையாட்டினார். ஏசுதாஸ் அவரையும் பார்த்தார், ஏறிக்கொண்டிருந்த வெயிலையும் பார்த்தார்.

“ஜான்சன்தாம்மா. வூடு எங்கன்னு சொல்லு.”

மருமகள் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

சாவு வீட்டில் யாரும் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. திலகா வீட்டிலிருந்தும் ஏசுதாஸ் அன்று சொல்லாமல்தான் வண்டியை எடுத்தார்.

மறுநாள் குழந்தைக்கு ரூபன் என்று பெயர் வைத்தார்கள். அந்த நேரத்தில் அவர் மானாம்பதியில் பெட்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்.