பொட்டுக் கழுதை

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்து ஒரு பல்லி தொப்பென்று விழுந்தது. அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள். புஷ்பமேரி டீச்சர் பயமில்லாமல் சிரித்த கடைசி வாரம் அதுதான்.

காரிமங்கலத்துக்குத் தெற்கே, கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவே இருந்த ஓராசிரியர் பள்ளிக்கூடம் அது. அவள் கணவன் சவரிராயன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போயிருந்தான். பள்ளிக்குப் பின்னால் ஒட்டியிருந்த அறையில் அவள் தனியாகக் குடியிருந்தாள். சண்டைக் காலம், சிலேட்டுப் பலகைக்கே தட்டுப்பாடு, காகிதத்துக்கு எங்கே போவது? சந்தைக்குப் போகும்போதெல்லாம் கடைக்காரர்களிடம் கெஞ்சிப் பழைய காலண்டர் தாள்களை வாங்கி வருவாள். அவற்றின் வெள்ளைப் புறத்தில் படம் வரைந்து, ஊசி நூலால் தைத்துப் புத்தகம் பண்ணுவாள். கறுப்புக்கு அடுப்புக்கரி, பச்சைக்கு அவரை இலைச் சாறு. சிவப்புக்கு மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துக்கொள்வாள், ஆலம் சுற்றக் கரைக்கிற அதே சிவப்பு.

அன்று பிள்ளைகளைச் சிரிக்கவைத்த புத்தகத்தின் பெயர் ‘பொட்டுக் கழுதை’. ஒரு வெள்ளைக் கழுதை கல்யாண வீட்டை எட்டிப் பார்க்கிறது. மணப்பெண் நெற்றியில் ஒரு பொட்டு. ‘ஒரு பொட்டுக்கே இவ்வளவு அழகு என்றால் நூறு பொட்டு வைத்தால் எப்படி இருக்கும்!’ என்று கழுதை காதிலிருந்து வால்வரை பொட்டு வைத்துக்கொண்டு பந்தியில் போய் உட்காருகிறது. ‘யாரப்பா இது, மிளகாய்த் தோட்டம் நடந்து வருகிறதே!’ என்று காக்கை கேட்கிறது. கடைசியில் மழை வந்து பொட்டெல்லாம் கரைந்து குட்டையில் விழ, குட்டையிலிருந்து ஒரு சிவப்புத் தவளை குதித்து ஓடுகிறது. கழுதை வெள்ளையாக வீடு திரும்புகிறது.

அந்தச் சிவப்பைக் குழைக்க எந்தக் குழந்தைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் எல்லா வீட்டிலும் இருந்தன. மறுநாள் காலை ஊரில் பாதிப் பிள்ளைகள் கழுதைகளாகியிருந்தார்கள்.

“என்னுங்க டீச்சரம்மா, எழுத்துச் சொல்லிக் குடுப்பீங்கன்னு அனுப்புனா, கழுதையாக்கியில்ல அனுப்பறீங்க!” என்று வழிமறித்தாள் மாதம்மாள். அவள் புருஷன் கோலார் தங்கவயலில் வேலை பார்த்தான். ஒரே மகள் சின்னபொண்ணு ஐந்து வயதுக்காரி, உடம்பெல்லாம் சிவப்புப் பொட்டோடு அவள் இடுப்பில் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“அழகாத்தானே இருக்கா?” என்றாள் புஷ்பமேரி.

“ம்க்கும். இனி பொதி சொமக்கறதுதான் பாக்கி.”

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்த வாரமே சின்னபொண்ணுக்குக் காய்ச்சல் கண்டது. படுத்துக் கிடந்தவளின் நெற்றியில் சிவப்பாகத் தெரிந்தது. விளையாட்டுப் பொட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து மாதம்மாள் ஈரத் துணியால் துடைத்தாள். பொட்டு போகவில்லை.

அன்று மாலையே அந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகினார்கள். அம்மை கண்டு ஆத்தா வந்த வீட்டில் தாளிக்கமாட்டார்கள், தலை வாரமாட்டார்கள், உரக்கச் சிரிக்கமாட்டார்கள். தெருவே குரலைத் தாழ்த்திக்கொண்டது. பள்ளிக்கூடம் மூடியது. காலி வகுப்பில் புஷ்பமேரி செபஸ்தியார் படத்துக்கு முன்னால் மண்டியிட்டாள். கொள்ளைநோய்க்கு அவரைத்தான் வேண்டுவார்கள். ஆனால் வாயில் வந்தது “மாரியாத்தா” என்ற சொல். நாக்கைக் கடித்துக்கொண்டாள். யாருக்குப் பயந்து கடித்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

மறுநாள் காளியப்பன் வந்தார். ஊர்ப் பெரியதனம், மாதம்மாள் புருஷனுக்கு அண்ணன். படியேறாமல் வெளியிலேயே நின்றார்.

“டீச்சரம்மா, நீங்க வேற சாமி கும்புடறவங்க. அதுல எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. ஆனா ஆத்தாளோட முத்தைக் கழுதைக்குப் போட்டுச் சிரிச்சிருக்கீங்க. ஊரு அப்பிடித்தான் பேசுது.”

“அது பொட்டுங்க. வெறும் பொட்டு.”

“உங்களுக்குப் பொட்டு. ஆத்தாளுக்கு எப்பிடித் தெரிஞ்சுதோ.” மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அத எரிச்சுருங்க. புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அப்பறம் என்னால ஊரைப் புடிச்சு நிறுத்த முடியாது.”

அவர் மிரட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டாள். அவர் குரலிலும் பயம் இருந்தது.

அடுப்பு மூட்டினாள். புத்தகத்தை எடுத்து வந்து உட்கார்ந்தாள். கழுதை பந்தியில் உட்கார்ந்து அவளையே பார்த்தது. கை நீளவில்லை. கேழ்வரகுப் பானைக்குள் புத்தகத்தைப் புதைத்து மூடிவிட்டு, காளியப்பனிடம் போய், “எரிச்சுட்டேனுங்க” என்றாள். சொன்ன நேரத்திலிருந்து அந்தப் பானைப் பக்கம் அவள் முதுகைக் காட்டவில்லை. சமைக்கும்போதும் அதைப் பார்த்தபடியே இருந்தாள். உள்ளே ஏதோ காய்ச்சலில் கிடப்பதுபோல இருந்தது.

முத்துகள் சின்னபொண்ணின் முகத்திலும் தொண்டையிலும் இறங்கிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். கஞ்சி இறங்கவில்லை என்றார்கள். பிறகு ஒரு மத்தியானம் மாதம்மாளே வந்தாள். தலைமுடி சடைவிழுந்து, கண் உள்ளே போயிருந்தது. பின்னால் காளியப்பனும் நாலைந்து பேரும் எட்டி நின்றார்கள்.

“ஆத்தா கேக்கறா டீச்சரம்மா.”

“என்னத்த?”

“கழுதயக் கேக்கறா. ராவும் பகலும் அதே பேச்சு. ‘பொட்டுக் கழுதை கொண்டா, பொட்டுக் கழுதை கொண்டா’ன்னு. கேட்டதக் குடுக்காட்டிப் போனா அவ எறங்கமாட்டாளுங்க. எரிச்சுட்டீங்களாமே.” குரல் உடைந்தது. “இன்னொண்ணு எழுதிக் குடுங்க தாயீ.”

அம்மை கண்ட குழந்தை வாயால் கேட்பது ஆத்தாதான். அதை மறுப்பவர் யாரும் அந்த ஊரில் இல்லை.

புஷ்பமேரி பானையைப் பார்த்தாள். சும்மா இருந்துவிடலாம். எரிந்தது எரிந்ததுதான், யாரும் அவளைக் குறை சொல்லமாட்டார்கள். புத்தகத்தை எடுத்தால் பொய் வெளிப்படும். எடுத்துக்கொண்டு போய், படிக்கும்போதே பிள்ளை கண்ணை மூடிவிட்டால்? ஆனாலும் உள்ளே போய்ப் பானைக்குள் கையை விட்டாள்.

கேழ்வரகு உதிர உதிரப் புத்தகம் வெளியே வந்தது. காளியப்பன் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எரிச்சேன்னு சொன்னீங்களே?”

அவள் அட்டையில் ஒட்டியிருந்த கேழ்வரகைத் தட்டிவிட்டாள்.

காளியப்பன் மெல்லக் கை கூப்பினார். “நெருப்புல போட்டதையே எடுத்து தானியத்துல வச்சிருக்கா பாரு ஆத்தா.”

பின்னால் நின்றவர்களும் கும்பிட்டார்கள். ‘இல்லைங்க, நான்தான் ஒளித்துவைத்தேன்’ என்று சொல்ல வாயெடுத்தாள். மாதம்மாளின் முகத்தைப் பார்த்ததும் வார்த்தை உள்ளேயே நின்றது. பிடிபடாமல் தப்பித்தது பிடிபடுவதைவிட அவளைப் பயமுறுத்தியது.

வேப்பிலை வாசலில் அவளை நிறுத்தினார்கள். உள்ளே வாழையிலையில் கிடந்த உருவத்தைச் சின்னபொண்ணு என்று நம்ப அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. “வந்திருக்காங்க தாயே, கண்ணத் தெறந்து பாருங்க” என்று பெற்ற மகளிடம் மரியாதையாகப் பேசினாள் மாதம்மாள். ஒரு கண் கொஞ்சமாகத் திறந்தது.

புஷ்பமேரி முதல் தாளைத் தூக்கிக் காட்டினாள். வகுப்பில் கழுதைக் குரலில் படிப்பாள், காக்கைக் குரலில் படிப்பாள். இப்போது எந்தக் குரலும் வரவில்லை. கோயிலில் செபம் சொல்வதுபோல முணுமுணுத்தாள். தெருவில் நின்றவர்கள் ஒவ்வொரு வரிக்கும் தலை குனிந்தார்கள். “யாரப்பா இது, மிளகாய்த் தோட்டம் நடந்து வருகிறதே” என்று அவள் படித்தபோது காளியப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது.

விக்கலா, கடைசி மூச்சா? மாதம்மாள் குழந்தையின் மேல் கவிழ்ந்தாள்.

“காக்கா... காக்கா மாதிரி சொல்லு டீச்சர்,” என்றது வெடித்த உதடு. “நல்லாவே இல்ல.”

அத்தனை பேர் கும்பிட்டு நிற்க, புஷ்பமேரி காக்கைக் குரலில் கத்தினாள். இரண்டு தரம் கத்தினாள். கத்தும்போதே கண்ணீர் வழிந்தது. குழந்தை சிரித்தது. ஆத்தா வீட்டில் சிரிப்பதா என்று யாரும் கேட்கவில்லை. சிரித்தவள் ஆத்தா.

சாயங்காலம், குழந்தைக்குப் பாலூட்டுகிற சங்கடையால் இரண்டு சங்கடை கஞ்சி இறங்கியது.

அம்மை இறங்கி, மூன்று தண்ணீர் ஊற்றி, வேப்பிலை எடுத்து, பள்ளிக்கூடம் திறந்த பிறகு சின்னபொண்ணு வந்தாள். தலை மொட்டை. முகமெல்லாம் பள்ளம் பள்ளமாகத் தழும்பு. பிள்ளைகள் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நேராக வந்து புத்தகத்தைக் கேட்டு வாங்கிக் கடைசித் தாளைப் பிரித்தாள். மழையில் நனைந்து வெள்ளையாகத் திரும்பும் கழுதை.

“எனக்கு மூணு தண்ணி ஊத்துனாங்க டீச்சர்.”

“ஆமாம் கண்ணு.”

“இதுக்கு ஒரே மழையில போயிருச்சு.”

பிள்ளையை ஏமாற்றத்தான் கழுதையை வெள்ளையாக்கியதுபோல் புஷ்பமேரி குன்றிப்போனாள்.

“செவப்பு குடு,” என்றாள் சின்னபொண்ணு.

புஷ்பமேரி மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்தாள். இந்தச் சிவப்பை இனித் தொடுவதில்லை என்று எண்ணியிருந்தாள். குழந்தை ஈர்க்குச்சியைத் தோய்த்து, வெள்ளைக் கழுதைக்கு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்தாள். நெற்றியில், கன்னத்தில், மூக்கில். வைத்து முடித்துத் தள்ளிப் பார்த்தாள்.

“ம். இப்ப வூட்டுக்குப் போவட்டும்.”

பிள்ளைகள் மெல்ல நெருங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள். “எதுக்கு போவுது? மறுபடியும் பந்திக்கே போவச் சொல்லுடி,” என்றாள் ஒருத்தி. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும். சின்னபொண்ணின் சிரிப்புத்தான் பெரிதாகக் கேட்டது. புஷ்பமேரி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

தாள் நைந்து போகப் போக அந்தப் புத்தகத்தை அவள் மறுபடி மறுபடி வரைந்தாள். சவரிராயன் ஒரு கால் தாங்கித் தாங்கித் திரும்பி வந்த பிறகும் வரைந்தாள். கடைசித் தாளில் கழுதை எப்போதும் பொட்டுகளோடுதான் வீடு திரும்பும். காக்கைக் குரலுக்குப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்து ஓய்ந்ததும், அவள் எழுந்து விரலை நனைத்து, பொட்டு போகிறதா என்று ஒவ்வொரு நெற்றியாகத் தேய்த்துப் பார்ப்பாள். அதுவும் கதையில் ஒரு பகுதி என்றே பிள்ளைகள் நினைத்தார்கள். அவள் எழுந்ததும் முடியை ஒதுக்கி நெற்றியை நீட்டிக்கொண்டு, தங்கள் முறைக்காகச் சிரித்தபடி காத்திருப்பார்கள்.