நான்கு மூலைகளுக்கு நடுவில்

அத்தானின் ஆல்பத்தில் கடைசிப் பக்கம் வெறுமையானது. கறுப்புக் காகித மூலைகள் நான்கு மட்டும், அங்கே இல்லாத ஒரு கடித உறையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

என் அக்காவின் கணவரான அவரும் நானும் திருகோணமலைத் துறைமுகத்தில், நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் காய்கறியும் முட்டையும் கொண்டுபோகும் கடையொன்றில் வேலை செய்தோம். தபால் முத்திரை சேர்ப்பவர்கள் ஊரில் பலர். அத்தான் சேர்த்தது, ஆபிரிக்க நாடொன்றின் உள்நாட்டுப் போரில் பிடிபட்டவர்களுக்கு வீட்டார் அனுப்பிய கடித உறைகளை. பலவற்றில் முத்திரையே இராது; சிறைமுகாமின் ஊதாச் சீல் மட்டும் மங்கலாய்க் கிடக்கும். “உள்ளுக்கிருந்து வந்த கடிதம் எண்டா ஆரும் வச்சிருப்பினம் மச்சான். உள்ளுக்குப் போய்ச் சேர்ந்ததுதான் எனக்கு வேணும்” என்பார்.

ஒருநாள் அந்த நாட்டுக் கப்பல் சமையற்காரன் ஒருவன் அகப்பட்டான். முகாமில் இருந்தவன். தாய் எழுதிய கடிதம் அங்கே மழையில் கரைந்துபோக, உறைதான் மிஞ்சியதாம். அதைத் தருவாயா என்று அத்தான் கேட்டதில் இருந்த ஏக்கத்தைப் பார்த்து, சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டான்.

கப்பல் ஏணியில் எங்கள் வள்ளத்துக்கு இறங்குமுன் அத்தான் அதை என்னிடம் தந்தார். “நனைஞ்சுதெண்டா உன்ர அக்காவாலயும் உன்னைக் காப்பாத்த ஏலாது.”

எனக்கு அது போதும். பையில் வைத்தால் வியர்வை, கையில் வைத்தால் காற்று. தொப்பிக்குள் செருகி, இரு கைகளாலும் தொப்பியை அழுத்தியபடி வள்ளத்தில் நின்றேன். அலையொன்று வந்தது. பிடித்துக்கொள்ளக் கை மிச்சமில்லாத இந்த வீரன், கப்பல்காரர் திருப்பி அனுப்பிய முட்டைக் கூடைக்குள் நேரே போய் அமர்ந்தான். காற்சட்டை வழியே மஞ்சட்கரு வழிய, “அத்தான், கடுதாசிக்கு ஒண்டுமில்லை!” என்று கத்தினேன்.

அவர் சிரிக்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலின் விளிம்பில் சமையற்காரன் என் தொப்பியையே பார்த்தபடி நின்றான். அவன் கை வெறும் பையைத் தடவிக்கொண்டிருந்தது.

“வள்ளத்தைத் திருப்புங்கோ” என்றார் அத்தான், வள்ளக்காரரிடம்.

“என்ன அத்தான், விசரா? எவ்வளவு காலமாத் தேடினீங்கள்!”

“ஓம். ஆனா அந்தத் தாய் அவனுக்கெல்லோ எழுதினவ.”

அன்று மாலையே, திருப்பிக் கொடுத்த உறையின் அளவை நினைவிலிருந்து விரலால் பார்த்து மூலைகளை ஒட்டினார். அதன்பிறகு வேறெந்த உறையையும் அதில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த நாட்டுக் கொடியோடு கப்பல் வந்தால் மட்டும், வேலை இல்லாத நாளிலும் சட்டையை மாட்டிக்கொண்டு கரைக்கு வந்து நிற்பார்.

அத்தான் காலமாகிவிட்டார். ஆல்பம் என்னிடம். கடைசிப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் என் இரண்டு கைகளும் தாமாகத் தலைக்குப் போகின்றன. தலையில் தொப்பியில்லை. இருந்தும் கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.