குப்பண்ணனின் வருமான சர்டிபிகேட்

முதலமடைக் குப்பண்ணனுக்கு ஏழு ஏக்கர் நிலம். அத்தனையும் வானம் பார்த்த பூமி. பாதியில் மாமரம், மீதியில் நிலக்கடலை. மழை மனசு வைத்தால் இரண்டும் உண்டு, வைக்காவிட்டால் இரண்டும் இல்லை. ஆனால் ஏழு ஏக்கர்க்காரர் என்ற பெயர் மட்டும் எல்லா வருஷமும் விளைந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றப் பட்ட பாட்டில் கால்வாசியைக் கடலைக் காட்டில் பட்டிருந்தால் பொழைத்திருப்போம் என்பாள் அவர் மனைவி காளியாத்தாள்.

மகள் கமலாத்தாள் பாலக்காட்டில் எம்.எஸ்சி. விலங்கியல் படித்தாள். எழுபத்துநாலில் தையில் மாம்பூ கொட்டியது, ஆவணியில் கடலை கருகியது. ஹாஸ்டல் பாக்கி ஏறிக்கொண்டே போனது. தீபாவளிக்குள் கட்டாவிட்டால் அவள் பெயரை நீக்கிவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள்.

துறைத் தலைவர் இருக்கிற வழிகளை அவளுக்குச் சொன்னார். உதவித்தொகை உண்டு, வருஷ வருமானம் ஆறாயிரத்துக்குள் என்று வில்லேஜ் ஆபீஸ் சர்டிபிகேட் வேண்டும். கடன் ஸ்காலர்ஷிப் உண்டு. ஜாமீன் நிற்க ஆள் வேண்டும். ஆய்வகத்தில் செய்துகாட்டிச் சொல்லிக்கொடுக்கும் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலையும் உண்டு. அதற்கு ஏற்கெனவே எம்.எஸ்சி. முடித்திருக்க வேண்டும்.

குப்பண்ணனின் வருமானம் அந்த வருஷம் ஆயிரத்தைத் தொட்டிருந்தாலே அதிசயம். ஆக, சர்டிபிகேட் கையில் வந்த மாதிரிதான் என்று வில்லேஜ் ஆபீஸுக்குக் கிளம்பினார். அங்கே பெஞ்சில் பக்கத்து வயல்காரர் சின்னையன் உட்கார்ந்திருந்தார். வாய்க்கால் பாய்ச்சலில் இரண்டு ஏக்கர் நெல் வைத்திருப்பவர். அதிகாரி வருமானம் எத்தனை என்று கேட்டார். குப்பண்ணன் சின்னையனைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"ஒரு ஒம்பதாயிரம் வருமுங்க."

அதிகாரி அப்படியே எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். கமலாத்தாள் அதை வாசித்துவிட்டு அழவில்லை, சண்டை போடவில்லை.

"ஏனுங்கப்பா, இந்த ஒம்பதாயிரத்த எங்க வெச்சிருக்கீங்க?"

குப்பண்ணனுக்கு வெட்கத்தில் உயிரே போனது. விண்ணப்பத் தேதியும் அன்றோடு முடிந்தது. ஜாமீன் கேட்டு யார் வாசலிலும் ஏற ஏழு ஏக்கர்க்காரருக்கு மனம் வரவில்லை.

மிச்சமிருந்தது துறையின் கையிலேயே இருந்த ஒரே பணம்: ஆய்வகத்துக்குத் தவளை வாங்கும் பணம். அறுத்துப் படிக்கத் தவளை போதவில்லை; உயிரோடு கொண்டுவந்தால் ஒன்றுக்கு எட்டணா. கமலாத்தாள் தானே பிடிக்கிறேன் என்று கிளம்பினாள்.

"நீ அறுக்கறதப் படி கண்ணு. புடிக்கறத நான் பாத்துக்கறேன்," என்றார் குப்பண்ணன்.

காய்ந்த காட்டில் தவளைக்கு எங்கே போவது? சின்னையனின் வயலில்தான் தண்ணீர் நின்றது. விடிந்ததும் சாக்கோடு அந்த வரப்பில் போய் நின்றார்.

"ஏனுங்க, சாக்கு எதுக்குங்க?" என்றார் சின்னையன்.

மாட்டுக்கு மருந்து என்று சொல்லிவிடலாம் என வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தார். வாயில் வேறு வந்தது.

"தவக்களை புடிக்கோணுமுங்க. புள்ள படிப்புக்குக் கட்டப் பணமில்லீங்க. கைல ஒண்ணுமே இல்லீங்க."

சொல்லியாகிவிட்டது. ஆனால் வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. சின்னையன் மண்வெட்டியை வரப்பில் ஊன்றினார்.

"அன்னைக்கு நானும் அந்த சர்டிபிகேட்டுக்குத்தானுங்க வந்தேன், பையன் காலேஜுக்கு. நீங்க ஒம்பதுன்னீங்க. நான் பத்துன்னு சொல்லிப்போட்டனுங்க."

இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். சின்னையன் பிடித்ததைத் தன் பையன் கணக்கில் தனிச் சாக்கில் போட்டுக்கொண்டார். வாரம் இரண்டு நாள் முதல் பஸ்ஸில் ஈரச் சாக்குகள் பாலக்காடு போயின. அவற்றுக்கு டிக்கெட் போடுவதா வேண்டாமா என்று கண்டக்டர் கடைசிவரை முடிவெடுக்கவில்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கமலாத்தாளின் பாக்கி தீர்ந்தது.

மறு வருஷம் ஜூனில் இருவரும் சேர்ந்தே வில்லேஜ் ஆபீஸுக்குப் போனார்கள். ஒருவர் உள்ளே போய் வருமானம் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் வெளியே ரோட்டில் நின்றார்.