கோபேயில் தட்டாத கை

ஆயர் ஈத்தாம் சாலையில் சலவை செய்யும் கார்த்திகேசு ஒரு காலத்தில் கப்பலில் இருந்தவர் என்பது பினாங்கில் பாதிப் பேருக்குத் தெரியும். அந்த வேலை ஏன் போனது என்பதை மீதிப் பேருக்கும் தெரியப்படுத்த நான் பாடுபட்டு வருகிறேன். அவர் வாயால் சொன்னதுதான். உப்பு மட்டும் நான் போட்டது.

1926-இல் அவர் ஒரு சரக்குக் கப்பலின் டோபி. கப்பல் துரையின் அறையைப் பார்த்துக்கொண்டவர் ஷேக் அலாவுதீன், அவரும் பினாங்குக்காரர். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. ஜப்பானை நெருங்கும்போது, வெளுக்க வந்த துரையின் கோட்டுப் பையில் ஒரு கடிகாரச் சங்கிலி கிடைத்தது. தங்கம். வீட்டில் மனைவி நவமணியின் கழுத்திலோ வெறும் மஞ்சள் கயிறு. கார்த்திகேசு கோட்டை வெளுத்தார். சங்கிலியை இடுப்பு வாரில் செருகிக்கொண்டார்.

கோபே துறைமுகத்தில் கப்பல் நின்ற அன்று காலை, துரை சங்கிலியைத் தேடினார். அவர் அறைக்குள் போய்வருகிற ஆள் ஒருவர்தான். சாயங்காலத்துக்குள் வராவிட்டால் போலீஸ் என்று அலாவுதீனிடம் சொல்லிவிட்டார்.

"நீ எங்கயாச்சும் பாத்தியா கார்த்தி?"

"நான் அழுக்கத்தான் பாக்குறேன் அண்ணே."

இந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் கார்த்திகேசு என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

அலாவுதீன் எதிரில் உட்கார முடியாமல் கார்த்திகேசு கரையில் இறங்கி நடந்தார். வழியில் மரங்கள் அடர்ந்த ஒரு கோயில். ஊரிலேயே பழைய சாமி, ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று எதிரே பட்டுக்கடை வைத்திருந்த சிந்திக்காரர் மலாயில் சொன்னார். கதவே இல்லாத சிவப்பு வாசல். உள்ளே ஒரு கல்தொட்டி. அதில் கைகழுவ மூங்கில் அகப்பை. சன்னதிக்கு மேலே வைக்கோல் கயிறு, அதில் மடித்துத் தொங்கவிட்ட வெள்ளைக் காகிதம். கற்பூரம் இல்லை, சிலையும் இல்லை. ஒரு கிழவி வந்தாள், குனிந்தாள், இரண்டு முறை கைதட்டினாள், போனாள். பின்னால் வந்தவர்களும் அப்படியே.

கார்த்திகேசுவுக்கு ஊர்க் கோயில் நினைவு வந்தது. நம் சிவன் கோயிலில் கைதட்டிக் கும்பிடுவது சண்டிகேசுவரரிடம் மட்டும்தானே. உன் கோயிலிலிருந்து எதையும் எடுத்துப் போகவில்லை, பார் என் கை காலி என்று காட்டத்தான் தட்டுகிறோம். 'இந்த ஊர்ல பெரிய சாமியவே காணோம், கணக்குக் கேக்குறவரு மட்டும் வந்து ஒக்காந்திருக்காரே' என்று நினைத்தாராம்.

அவர் முறை வந்தது. இரண்டு கையையும் தூக்கினார். இடுப்பில் சங்கிலி உறுத்தியது. கைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. பின்னால் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அந்தப் பொறுமைதான் கொன்றது என்பார். அரைமணி நேரம் கல்தொட்டிப் பக்கம் நின்று பார்த்தார். மறுபடி போனார். மறுபடியும் முடியவில்லை.

நேரே கப்பலுக்கு வந்து துரையின் மேசைமேல் சங்கிலியை வைத்தார். பொய் சொல்லியிருக்கலாம், இப்போதுதான் கோட்டில் கிடைத்தது என்று. நானாயிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். இவர் நடந்ததைச் சொன்னார். வேலை போனது. ஆனாலும் கப்பலில் வேறு டோபி இல்லாததால், பினாங்கு வரும்வரை சம்பளமில்லாமல் துரையின் துணிகளை அவரே வெளுத்தார்.

சங்கிலியை வைத்த அன்று சாயங்காலம் அலாவுதீன் அவர் படுக்கைக்கு வந்து நின்றார்.

"போலீசு என்னைக் கொண்டு போயிருந்தா அப்பவாச்சும் சொல்லியிருப்பியா?"

கார்த்திகேசு எழுந்து நின்றார். "தெரியலண்ணே."

"ம். இதுதான்லா நீ இன்னிக்கு எங்கிட்ட சொன்ன மொத உண்மை" என்று அலாவுதீன் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்ப் படுத்தார். இன்றும் பாசார்க் கடைகளில் பார்த்தால் தலையசைப்பார். அதற்குமேல் இல்லை.

போன மாதம் பல்வலி. சிந்த்ரா தெரு ஜப்பான் பல் டாக்டரிடம் போனேன். வீங்கிய வாயோடு இதை விசாரித்தேன். அவர் சிரித்தார். அங்கே கைதட்டுவது கையைக் காட்ட அல்லவாம், சாமியைக் கூப்பிடவாம்.

வலியை மறந்து ஓடினேன். கார்த்திகேசு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு தப்புக் கணக்குல வேலைய விட்டுட்டீங்களே" என்று விஷயத்தைச் சொன்னேன்.

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கரி புகைந்தது.

"கூப்புடவா தட்டுறாங்க?" என்றார். "நல்லவேளை தட்டல. கூப்புட்டு வந்திருந்தா, இடுப்பயில்ல பாத்திருக்கும்."

பிறகு அடுத்த சட்டையை எடுத்து விரித்தார்.