எடெல்வைஸ் களிம்பு

செங்கம் ரோட்டில் ஆட்டோ ஓட்டும் அப்பாதுரைக்கு வாய் இருக்கிறதே, அப்பப்பா! சவாரி இறங்கிப் போன பிறகும் அது நிற்காது. கீழ்பென்னாத்தூர்க் கழனியை விட்டு ஆட்டோவுக்கு வந்ததே பேச ஆள் கிடைக்கும் என்றுதான் என்பார்கள். அந்த வாய் வீட்டுக்குள் மட்டும் இரண்டு வருஷமாக அடங்கிக் கிடந்தது. மனைவி அருணாதேவியின் இரு கன்னங்களிலும் கருந்திட்டாக மங்கு படர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, புருஷனுக்குக்கூட முகம் காட்டாமல்தான் சோறு போட்டாள்.

மகள் இனியாவுக்கு வளைகாப்பு நாள் குறித்ததும் வம்பு வந்தது.

"வீடியோ எடுப்பாங்க. நான் மேடைக்கு வரமாட்டேன்" என்றாள் அருணா.

"அம்மா சந்தனம் பூசலைன்னா எனக்கு வளைகாப்பே வேணாம்" என்றாள் இனியா. தாய்க்கும் மகளுக்கும் ஒரே பிடிவாதம். நடுவில் அப்பாதுரை முழித்தார்.

வருஷாவருஷம் வந்து அவர் ஆட்டோவிலேயே ஊர் சுற்றும் சுவிட்சர்லாந்து ரூத் அம்மாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினார். அந்தம்மா ஒரு களிம்பு கொடுத்தார். அவர்கள் ஊர்ப் பனிமலையில் பூக்கும் எடெல்வைஸ் பூவின் சாறு சேர்த்தது. மேலெல்லாம் வெள்ளைப் பஞ்சு போர்த்திய பூ. மலை உச்சியின் சுள்ளென்ற வெயிலையும் தாங்குமாம்.

"அடுத்த தடவை பூவையே கொண்டாங்கம்மா, பால்ல அரைச்சுப் பூசிடலாம்" என்றார் அப்பாதுரை.

ரூத் சிரித்துவிட்டார். மலையில் அதைப் பறிக்கக் கூடாது, களிம்புக்கென்று தோட்டத்தில் தனியாக வளர்க்கிறார்கள், தோல் வறளாமல் இருக்கும், ஆனால் மங்கு போகாது என்று அரைகுறைத் தமிழில் புரியவைத்தார்.

அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் மனுஷன் முழுங்கிவிட்டார். தினமும் காலையில் அருணாவை ஜன்னலோரம் உட்காரவைத்துத் தன் விரலாலேயே பூசிவிட்டார்.

வளைகாப்பு அன்று அருணா கண்ணாடி பார்த்தாள். கன்னம் வழவழவென்று இருந்தது. மங்கு அப்படியே இருந்தது.

"இது போகாதுன்னு உனக்குத் தெரியுமாய்யா?"

"தெரியும். அந்தம்மா அப்பவே சொல்லிச்சு."

"அப்புறம் எதுக்குய்யா தினம் பூசின?"

"வேற எப்படி உன் மூஞ்சியப் பாக்குறது? ரெண்டு வருஷமா காட்டவே இல்லையே நீ."

"பைத்தியக்கார மனுஷா!" என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள். மேடையில் வீடியோ விளக்கு பளீரென்று எரிந்தது. அருணா நேராக அதன் வெளிச்சத்திலேயே போய் நின்று, மகளின் கன்னத்தில் சந்தனம் பூசினாள்.