கடைசி நிறுத்தத்தில் ஒரு கரடி

இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டிய அந்த அம்மாளுக்கு மிருகக்காட்சி சாலைதான் கடைசி நிறுத்தம். அங்கே இறங்க ஆளில்லாமல் போய் வெகுநாளாகியிருந்தது. வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, கிடைக்கும் பத்து நிமிடத்தில் கம்பிவேலியோரம் போய்க் கரடியைப் பார்ப்பார். வயதான பெண் கரடி. சிமென்ட் தரையில் ஆறு எட்டு இந்தப் பக்கம், ஆறு எட்டு அந்தப் பக்கம். பொழுதுக்கும் அதே நடைதான்.

ஒரு நாள் மிருகக்காட்சி சாலையின் உரிமையாளரே வாசலில் நின்றிருந்தார்.

"மூடப்போறேம்மா. மானு, குரங்கு எல்லாத்துக்கும் கேக்க ஆளிருக்கு. இந்தக் கிழவியத்தான் யாரும் சீண்ட மாட்டேங்கிறாங்க. மொத்தமா யாராவது எடுத்து நடத்தினா கொடுத்துடுவேன்."

அதை வீட்டில் சொன்னபோது, குழாய் வேலை செய்யும் கணவருக்குச் சாப்பாடு புரையேறியது.

"வீட்ல இருக்கற பூனையே நம்ம பேச்சக் கேக்கல. உனக்குக் கரடி கேக்குதா?"

கால்நடை மருத்துவம் முடித்திருந்த மகள் குறுக்கே வந்தாள். "அங்க டாக்டர் வேணும், நான் இருக்கேன். பைப்பெல்லாம் ஒழுகுது, நீங்க இருக்கீங்க."

"உங்கம்மா?"

"முதலாளி."

சிரித்துவிட்டார். சிரித்ததோடு அவர் எதிர்ப்பும் முடிந்தது.

அனுமதி வாங்க எட்டு மாதம் அலைந்தார்கள். வீட்டை விற்று, டிக்கெட் கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்த இரண்டு அறைகளில் குடியேறினார்கள். துருப்பிடித்த கீல்களை மாற்றினார்கள், கூரை ஓட்டைகளை அடைத்தார்கள். கணவர் மாட்டிய நட்டுகளைக் குரங்குகள் உள்ளிருந்து கையாலேயே கழற்றின. "நட்டு கழட்ட எனக்கு இவ்வளவு நல்ல ஆளுங்க இதுவரைக்கும் கிடைச்சதே இல்ல" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

கரடிக்காகக் கூண்டுக்கு வெளியே இருந்த சிமென்ட்டை உடைத்து மண் கொட்டிப் புல் வளர்த்தார்கள். நடுவே ஒரு குளம். கணவர் மூன்று வாரம் முதுகொடியக் கட்டியது. ஆனால் கதவைத் திறந்துவிட்டும் கரடி கூண்டின் பழைய தரையை விட்டு இறங்கவில்லை. அதே ஆறு எட்டு. முதல் வாரம் போயிற்று. அம்மாள் வேலியோரமே உட்கார்ந்திருந்தார். தப்பு செய்துவிட்டோமோ என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்.

"பேசாம விடும்மா. அதுக்கா தோணணும்" என்றாள் மகள்.

பதினோராவது நாள் கரடி ஒரு காலைப் புல்லில் வைத்தது. எடுத்தது. மோந்து பார்த்தது. பிறகு நேரே நடந்துபோய்த் தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தது. பம்ப் அறையிலிருந்து கணவர் ஸ்பேனரும் கையுமாக ஓடிவந்தார்.

"என்னாச்சு? குழாய் வெடிச்சிடுச்சா?"

அம்மாள் குளத்தைக் காட்டினார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டன. கணவர் குளத்தை எட்டிப் பார்த்தார். கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடிக் கிடந்தது கரடி.

மிருகக்காட்சி சாலையைத் திறந்த அன்று நல்ல கூட்டம். எல்லோரும் தேடியது கரடியைத்தான்.

"எங்கங்க அது? மூக்கு மட்டும்தான் தெரியுது" என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார்.

"குளிச்சிட்டிருக்காங்க" என்றார் அம்மாள். "பொம்பளைங்க குளிச்சிட்டு வர கொஞ்ச நேரமாகும். அதுவரைக்கும் மானைப் பாத்துட்டு வாங்க."