கேட்டது கேள்விதானே

"பத்தில் ஏழு பேர் இப்படிச் சொல்கிறார்கள்!"

முன்னறையிலிருந்து டி.வி. முழங்கியது. அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது.

"மருந்தை வெளியே விற்ற நர்ஸுக்கு ஓட்டு இல்லை! கருத்துக்கணிப்பில் அதிர்ச்சி!"

ஊரில் அவளை வானொலி என்பார்கள். பேருந்து நிலையத்தில் மைக் பிடித்து வண்டி வரவு சொல்பவள். அவள் சொன்னால் வண்டி வரும். ஊரே நம்பிய குரல் அது. அதனால்தான் டி.வி.யில் வேலை பார்க்கும் அண்ணன் தேடி வந்தான். "கருத்துக்கணிப்புக்கு நீதான் போன் பண்ணணும். உன் குரலைக் கேட்டா எவனும் வைக்க மாட்டான்." கூடப்பிறந்தவன் ஆயிற்றே, தட்ட முடியுமா?

கடைசிக் கேள்வி மட்டும் முள்ளாய்க் குத்தியது. 'நர்ஸ் வேட்பாளர் ஆஸ்பத்திரி மருந்தை விற்றார் என்று தெரிந்தால் ஓட்டுப் போடுவீர்களா?' அந்த நர்ஸ் அக்காதான் அவளுடைய மகளை எமன் வாயிலிருந்து மீட்டுத் தந்தவள். தயங்கியபோது அண்ணன் சிரித்தான். "எல்லா வேட்பாளருக்கும் இப்படி ஒரு கேள்வி இருக்கு, அசடு."

ஈரக்கையோடு முன்னறைக்கு ஓடினாள். அண்ணன் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, மருந்தை யாரு வித்தா?"

"யாருக்குத் தெரியும்? கேட்டது கேள்விதானே. அதுல பொய் எங்க வந்துச்சு?"

"மத்தவங்களுக்கும் இருக்குன்னியே?"

அவன் டி.வி. சத்தத்தைக் கூட்டினான்.

வாசலில் நர்ஸ் அக்கா நின்றாள். வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள்.

"போன்ல கேட்டது நீதான்னு என் மாமியார் அடிச்சுச் சொன்னாங்க. அவ அப்படிக் கேக்க மாட்டான்னு அவங்களோட சண்டை போட்டேன்டி."

"நான்தான்க்கா." குரல் உடைந்தது.

"ஊரெல்லாம் கேட்டியே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "நாளைக்கே மைக்குல சொல்லிடறேன்க்கா, எல்லாம் பொய்னு."

"வேலை போயிடும், பைத்தியமே!" அண்ணன் எழுந்தான்.

நர்ஸ் அக்கா கசப்பாகச் சிரித்தாள். "வேணாம். நீ மறுத்தா, 'மருந்து விவகாரத்தில் மறுப்பு'ன்னு அதையும் போடுவாங்க. இன்னிக்குப் பார்க்காதவனும் நாளைக்குப் பார்த்துடுவான். இல்லையா தம்பி?"

அண்ணன் டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அக்கா, உள்ள வாங்களேன்..."

"வர்றேன்" என்று சொல்லி விடைபெறவில்லை அவள். வானொலி நீட்டிய கையைத் தொடவும் இல்லை. படி இறங்கும் முன் தானே கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.